அறைந்தவனிடம் ‘ஏன்’ என்று கேட்கலாம்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். சபையில் நாற்பது குடும்பம் இருக்கிறோம். இந்த டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை இரவு வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் போனோம். காலனியை முடித்துக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் எங்கள் சபையார் வீட்டுக்குப் போகும்போது பத்துப் பதினைந்து பேர் வழிமறித்து, “மதம் மாத்த வந்தீங்களா?” என்று கேட்டார்கள். என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், டோலக் வாசிப்பான். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை என்று கன்னத்தில் அறைந்துவிட்டு, டோலக்கைப் பிடுங்கி மிதித்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகனும் அந்தக் கூட்டத்தில் நின்றான். அவன் அடிக்கவில்லை, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஐயர் (சபைப் போதகர்), “மன்னித்துவிடுங்கள், கிறிஸ்துவுக்காகப் பாடுபடுவது பாக்கியம்” என்கிறார். வாலிபர் சங்கத்தார் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். புகார் கொடுத்தால் பையனின் எஸ்.சி. சான்றிதழுக்கு வினை வரும், காலேஜ் சேருகிற வருஷம் என்று என் கணவர் பயப்படுகிறார். மகனோ, “ஏசு பொறந்ததுக்குப் பாடப் போய்த்தான் அடி வாங்கினேன், அவரு இன்னா பண்ணாரு?” என்று கேட்டுவிட்டு, கிறிஸ்மஸ் ஆராதனைக்கே வரமாட்டேன் என்கிறான். வருஷா வருஷம் எதிர்வீட்டுக்கு அதிரசமும் கேக்கும் கொடுத்தனுப்புவேன். இந்த வருஷம் கொடுக்கவா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பையனின் காது சரியாகக் கேட்கிறதா? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஐயர் சொன்னது, வாலிபர்கள் சொன்னது, கணவர் சொன்னது எல்லாம் இருக்கிறது. அவனுக்கு வலிக்கிறதா என்று யாராவது கேட்டதாக எழுதவில்லை. கன்னத்தோடு சேர்த்துக் காதில் பலமாக அடி விழுந்தால் செவிப்பறை கிழிவதுண்டு. இரைச்சலோ, மந்தமோ, சீழோ இருந்தால் நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்பார். ‘கீழே விழுந்துட்டான்’ என்று சொல்லிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே எழுதுகிற ஏ.ஆர். பதிவு, அதாவது அடிபட்டு வந்தவர்களைக் குறிக்கும் பதிவேட்டுக் குறிப்பு, பிறகு உதவும். ஓ.பி. சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

சரி, இப்போது ஐயர் சொன்னதற்கு வருகிறேன். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஆயராக இருந்துவிட்டு, இப்போது ஆற்றுப்படுத்தும் (கவுன்சலிங்) வேலை பார்க்கிறவன். அவர் சொன்ன அதே வாக்கியத்தை நானும் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அதனால் அவரைக் குறை சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

பாடு என்பதை நாம் ரொம்பச் சீக்கிரம் பாக்கியமாக்கிவிடுகிறோம். என் முதல் சபை ஆரணிப் பக்கம். ஒரு கிறிஸ்மஸ் இரவில் எங்கள் ஒலிபெருக்கி ஒயரை யாரோ வெட்டிவிட்டார்கள். மறுநாள் நம்மைத் துன்புறுத்திய ஏரோது ராஜாவிலிருந்து நீரோ மன்னன் வரைக்கும் இழுத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, “ஐயரே, கொழாய கட்டின மரத்துக்குப் பின்னால வூட்டுல ஒரு ஆளு சாவக் கெடக்கறாரு, மூணு நாளா அவுங்க தூங்கல” என்றார். அன்றைக்கு எனக்கு வந்தது உபத்திரவம் இல்லை, என் புத்திக் குறைவுக்கு வந்த கூலி. அதற்குப் பிறகு இது எதனால் நடந்தது என்று விசாரிக்காமல் வேதத்தைத் திறப்பதில்லை.

உங்கள் மகனுக்கு நடந்தது அப்படிப்பட்டதல்ல என்றுதான் நினைக்கிறேன். இப்படிப் பார்க்கலாம். இது அய்யப்ப சாமிமார்கள் மாலை போட்டிருக்கிற மாதம். அதே ரோட்டில் அதே நேரத்தில் அதே சத்தத்தோடு ஒரு பஜனை போயிருந்தால் அந்தப் பதினைந்து பேரும் மறித்திருப்பார்களா? டோலக்கை மிதித்திருப்பார்களா? மாட்டார்கள் என்றால் பிரச்சினை சத்தத்தில் இல்லை. யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்பதில் இருக்கிறது. அதைத் துன்புறுத்தல் என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம். ஓர் அறை ஓர் அறைதான். ஆனால் பதினேழு வயதுப் பையனுக்கு, கூடப் படிப்பவர்கள் பார்க்க, போன் கேமரா முன்னால் விழுந்த அறை அது. கன்னத்தில் பட்டதைவிட அந்தக் கேமராதான் அவனை அதிகம் உறுத்தும்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன வசனம் நம் சபையில் குழந்தைக்கும் தெரியும். அதைச் சொன்னவரே ஒரு தடவை அறை வாங்கினார், அப்போது என்ன செய்தார் என்பது பலருக்கு நினைவில் இல்லை. யோவான் 18ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியன் முன்னால் கைகட்டி நிறுத்தப்பட்டிருக்கிறார் இயேசு. ஒரு சேவகன் அவரை அறைகிறான். அவர் மறு கன்னத்தைத் திருப்பியதாக யோவான் எழுதவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறார். திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளவும் இல்லை. அறைந்தவனைப் பார்த்து ‘ஏன்’ என்றார். அந்த 23ஆம் வசனத்தை உங்கள் மகன் கையில் கொடுங்கள். பிரசங்கம் ஒன்றும் வேண்டாம். ‘உனக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்திருக்கு, படிச்சுப் பாரு’ என்றால் போதும்.

அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, விசாரணை இல்லாமல் ஒரு ரோமக் குடிமகனை அடிக்கலாமா என்று சட்டம் பேசினார். பிறகு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, முன்பாக மேல்முறையீடு கேட்டுக் கப்பல் ஏறினார். அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று எந்த வேத வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

மன்னிப்பு அறை வாங்கியவனுடைய சொத்து. அதை எடுத்துத் தானம் செய்ய ஐயருக்கோ கமிட்டிக்கோ எனக்கோ அதிகாரம் கிடையாது. கிறிஸ்மஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஸ்தேவானின் நாள். பாலகன் பிறந்த மறுநாளே முதல் இரத்தசாட்சியை நினைக்கச் சொல்கிறது திருச்சபை நாட்காட்டி. நாம் அன்றைக்கு மீந்த பிரியாணியைச் சூடு பண்ணிக்கொண்டிருப்போம், அது வேறு விஷயம். கல்லெறிந்தவர்களின்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதேயும் என்று ஸ்தேவான் கேட்டார். அதற்கு முன்னால் ஓர் அதிகாரம் முழுக்க, தன்னை விசாரித்தவர்களிடம் நியாயத்தைப் பேசி முடித்திருந்தார். பேசி முடித்தவர் மன்னித்தார், அதுவும் அவர் வாயாலேயே. உங்கள் பையன் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லையே.

மன்னித்துவிட்டால் வழக்கு நடத்தக் கூடாது என்றும் சிலர் நினைக்கிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்ன மகன்களையும் ஜீப்போடு வைத்து எரித்தார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அவர் மனைவி கிளாடிஸ் எல்லோரும் அறியச் சொன்னார். அங்கேயே தங்கிச் சில வருஷம் தொழுநோயாளிகளுக்கு வேலையும் செய்தார். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்து, 2011இல் உச்ச நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிப்படுத்தியது. அந்தத் தீயோடு உங்கள் மகனின் கன்னத்தை ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். மன்னிப்பும் வழக்கும் ஒன்றையொன்று முட்டாமல் போக முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

வாலிபர் சங்கத்துக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. திருப்பி அடித்தால் மறுநாள் இரண்டு தரப்பின் மேலும் வழக்கு வரும், முதலில் அறைந்தது யார் என்பது காணாமல் போகும். அந்த வீரத்தை வைத்துக்கொண்டு, அன்றிரவு யார் யார் எங்கே நின்றோம் என்று ஆளாளுக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் போனால் பாதி மறந்துவிடும்.

புகார் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். சட்ட விரோதமில்லாமல் கூடி வழிபடுகிறவர்களை வேண்டுமென்றே குலைப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவில் குற்றம். ஒரு வருஷம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். பழைய இ.பி.கோ.வில் அது 296. அடித்ததற்கும் பொருளை உடைத்ததற்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ரோட்டில் பாடிப் போனதை ‘வழிபாடு’ என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று எதிர்த் தரப்பு வாதாடலாம். அப்போதும் அடித்தது அடித்ததுதான். ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அடுத்த வருஷம் கேரல்ஸுக்கு முன்பே எந்த நாள், எந்தத் தெரு என்று ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கணவரின் பயம். இதை நான் லேசாகப் பேசப் போவதில்லை. அந்தப் பதினைந்து பேரைவிட உங்கள் வீட்டை அதிகம் அமுக்குவது இந்தத் தாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடும் என்பது காகிதத்தின் நம்பிக்கை. காலனி அதே இடத்தில்தான் இருக்கிறது, டீக்கடைப் பார்வையும் மாறவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில்கூட அது போகவில்லை. இந்த ஆணை அநியாயம் என்பது என் கருத்து. ஒருவரை அடிக்காமல், சிறையில் போடாமல், ‘உன் விசுவாசத்தை வாய்விட்டுச் சொன்னால் உன் பிள்ளையின் படிப்பில் கை வைப்பேன்’ என்பதும் ஒரு துன்புறுத்தல்தான்.

ஆனால் சட்டம் இன்றைக்கு அங்கேதான் நிற்கிறது. ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் ஆலயத்துக்குப் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கணவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லி உங்களைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அதற்காக ஊமையாக இருக்கவும் வேண்டாம். குற்றம் நடந்ததைப் பார்த்த யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். மொத்தச் சபைக்கும் நடந்தது இது. கையெழுத்துப் போட வேண்டியவர் சபைச் செயலர், உங்கள் கணவர் அல்ல. வழக்கு நடந்தால் உங்கள் மகன் சாட்சி சொல்ல நேரலாம், குறுக்கு விசாரணையில் கேள்விகள் வரலாம். அதற்கு முன்பே வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் போய்ப் பாருங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். எதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழை வைத்துக்கொள்வதா, பி.சி.க்கு மாறுவதா என்பது நீங்கள் இருவரும் பையனையும் உட்கார வைத்துப் பேச வேண்டிய காரியம். அவன் பேரில் இருக்கிற தாள் அது. இதில் நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மாட்டேன், அது பொய்யே இல்லை என்று பூசி மெழுகவும் மாட்டேன்.

“மதம் மாத்த வந்தீங்களா?” என்ற கேள்விக்கு நம் ஊரில் இருநூறு வருஷத்துக்கு மேல் வயது. 1806 ஜூலை 10ஆம் தேதி விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட உத்தரவு, நம்மைக் கிறிஸ்தவனாக்கப் பார்க்கிறார்கள் என்ற பயத்தைக் கிளப்பியது. நூற்றுக்கு மேல் வெள்ளைச் சிப்பாய்கள் செத்தார்கள். பதிலுக்கு நம் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயத்துக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது, அதிகாரம் கிறிஸ்தவன் கையில் இருந்தது. இன்றைக்கு நாற்பது குடும்பத்துச் சபையின் டோலக்கைப் பார்த்து அதே பயத்தைச் சிலர் கிளப்பிவிடுகிறார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921இல் தொடங்கிய இருவரில் ஒருவர் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1932இல் சென்னையில் போலீஸிடம் அடி வாங்கினார். கதர் போட்டிருந்தார், மறியல் நடந்த இடத்தில் நின்றிருந்தார், அவ்வளவுதான். அடிக்கச் சொன்ன ராஜாங்கமும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற ராஜாங்கம்தான். அடிக்கிறவன் எப்போதும் வேற்று மதத்தான், அடிபடுகிறவன் எப்போதும் நம்மவன் என்று உங்கள் மகன் முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்வீட்டுப் பையனை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அவன் அடிக்கவில்லை, படம் எடுத்தான் என்று நீங்களே பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. அதிரசம் கொடுத்தனுப்புங்கள். ஆனால் இந்தத் தடவை சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடாமல் நீங்களே கொண்டு போங்கள். ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்துவிட்டும் வராதீர்கள். “அக்கா, அன்னைக்கு ராத்திரி என் பையன அடிச்சாங்க. உங்க பையன் பக்கத்துல நின்னான். எனக்கு மனசு ஆறல” என்று சொல்லிவிட்டுத் தூக்கைக் கையில் கொடுங்கள். அந்த அம்மா அழலாம், கோபப்படலாம், தெரியாது என்று சாதிக்கலாம். எதுவாக இருந்தாலும் தெருவில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற மௌனம் கொஞ்சம் உடையும். அந்த வீடியோ அவன் போனில் இன்னும் இருந்தால் வழக்குக்கு அதுதான் முதல் ஆதாரம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதற்காக அதிரசம் கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் மறக்க வேண்டாம்.

கடைசியாக, மகன் கேட்டது. அவர் என்ன செய்தார்?

வேதத்தில் இருப்பதைச் சொல்கிறேன். அவர் பிறந்த கையோடு ஏரோது ராஜாவின் ஆட்கள் பெத்லகேமில் பிள்ளைகளைக் கொன்றார்கள். டிசம்பர் 28 அந்தப் பாலகரின் நாள். நம் ஊர்களில் அதைப் பெரும்பாலும் ஓசையில்லாமல் கடந்துவிடுகிறோம், குடிலில் ஏரோதுக்குப் பொம்மை வைப்பதில்லை. கனவில் எச்சரிக்கை கிடைத்ததும் யோசேப்பு எதிர்த்து நிற்கவில்லை. இராத்திரியோடு இராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். மத்தேயு சொல்கிற நம் ஆண்டவரின் முதல் பயணம் உயிருக்குப் பயந்து ஓடிய பயணம். அப்படித் தப்பிக்காத வீடுகளில் தாய்மார்கள் அழுதார்கள். பிள்ளைகளுக்காக அழும் பழைய ஏற்பாட்டுத் தாய் ராகேல் ஆறுதலடையவில்லை என்றே மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். ஆறுதல் வேண்டாம் என்கிறவளை அவர் திட்டவில்லை, திருத்தவும் இல்லை. ‘அவரு இன்னா பண்ணாரு’ என்ற கேள்வி உங்கள் மகனுக்கு முன்பே பெத்லகேமில் கேட்கப்பட்ட கேள்வி. முப்பது வருஷம் பிரசங்கம் செய்தும், அந்தத் தாய்மாருக்குப் போய்ச் சொல்கிற மாதிரி ஒரு பதில் என்னிடம் கிடையாது. அந்தப் பிள்ளையும் பிழைத்து வளர்ந்து, கடைசியில் அதே மாதிரி அதிகாரத்தின் கையில் அகப்பட்டு, அறை வாங்கினார் என்பது மட்டும் தெரியும். என்னைத் தாங்குவது அதுதான். உங்கள் மகனையும் இன்றைக்கே அது தாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதனால் ஆராதனைக்கு இழுக்காதீர்கள். புதுச் சட்டை எடுத்து வையுங்கள், போகும்போது ‘நாங்க போறோம்டா’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். அன்றிரவு அவனைத் தனியாக விடாமல் உங்களில் ஒருவர் வீட்டில் இருந்தாலும் தப்பில்லை, கர்த்தர் வருகைப் பதிவு எடுப்பதில்லை. அவன் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்கூடம் போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள். நல்ல ஆற்றுப்படுத்துநர் ஒருவரைச் சொல்கிறேன். எழுதாமலும் கூட்டி வரலாம், இப்போது நான் வேலூரில்தான் இருக்கிறேன்.

அப்புறம் அந்த டோலக். வாலிபர்கள் பாசத்தில் கிறிஸ்மஸுக்குள் தோல் மாற்றிக் கொண்டுவந்துவிடப் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். போலீஸ் வந்து பார்த்து எழுதும் வரைக்கும் அது மிதிபட்டபடியே இருக்கட்டும். ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். கேரல்ஸுக்குப் பக்கத்துச் சபையில் ஒரு டோலக் இரவல் கிடைக்கும்.